காடே மதிலாக

இலங்கையின் காட்டையும் மலையையும் காண வந்து, ஊர் திரும்பி நூல் எழுதியவர்கள் பலர். றொபேட் நொக்ஸ் அந்த வரிசையில் சேராதவர். அவர் காண வரவில்லை, பிடித்து வைக்கப்பட்டார். ஆயினும் பதினேழாம் நூற்றாண்டுக் கண்டிச் சீமையின் மரஞ்செடிகளையும் மிருகங்களையும் அறிய வேண்டுமானால் இன்றும் அவருடைய நூலைத்தான் நாடுகிறோம்.

புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. 1660 ஏப்ரலில், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு போயினர். அந்த மகன்தான் நொக்ஸ். அப்போது வயது 19. மறு ஆண்டே தந்தை காய்ச்சலில் மாண்டார்.

சிறை என்றதும் இரும்புக் கதவை நினைத்துவிட வேண்டாம். நொக்ஸ் ஊருக்குள் நடமாடினார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்ற ஊரில் 25 லாரினுக்கு நிலமும் வாங்கினார். பூட்டு எங்கே? காடுதான் பூட்டு. ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகள்; அவற்றின் வாயில்களில் முள்ளுக் கடவைகள், காவலர்கள். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் மலைக்கு வெளியே நிறுத்திய அதே காடு நொக்ஸை உள்ளே நிறுத்தியது.

அவருடைய இயற்கை வருணனை இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே என்பது என் எண்ணம். தப்பி ஓட வழி தேடுபவனின் கண் அது. தாலிப்பனை ஓலையைச் சொல்லும்போது அழகை அல்ல, பயனைச் சொல்கிறார். ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழைக்கு மறைக்கும், விசிறிபோல் மடங்கும், முனையை முன்னே நீட்டிப் பிடித்தால் புதரை விலக்கும். அட்டைக் கடிக்கு எலுமிச்சையும் உப்பும் துணியில் முடிந்து கோலில் கட்டிக் காலில் தட்டுவார்களாம். மழைநாளில் தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே வனத்துக்குச் சென்றிருந்தபோது, எனக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். மருந்துதான் மாறியிருக்கிறது; அட்டை மாறவில்லை.

நடை வியாபாரியாக வடக்கே போய் வந்து, ஆண்டுக்கணக்கில் பாதை பழகினார். 1679 செப்டம்பரில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு யானைக் காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இடையில் கடந்தது தமிழ் பேசும் வன்னி நிலம். இருவருக்கும் தமிழ் தெரியாது. பத்தொன்பது ஆண்டுகளில் சிங்களம் கைவந்திருந்தது. அங்கே அது உதவவில்லை.

நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. விஞ்ஞானி றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். டீஃபோவின் 'றொபின்சன் குறூசோ'வுக்கு இதுவும் ஒரு தூண்டுதல் என்பார்கள்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மதிலாக நின்ற காடு, கோப்பிக்காக வெட்டப்பட்டது. வெட்டவும் நடவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, நொக்ஸ் ஓடிய திசைக்கு நேர் எதிராக, நூறு மைலுக்கு மேல் காட்டுவழி நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏறினார்கள். தண்ணீரின்றியும் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். யானையையும் அட்டையையும் அவர்களும் கண்டார்கள். அவர்களுள் எவருடைய பயண நூலுக்கும் முன்னுரை எழுத ஒரு ஹூக் வரவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்களைப் புரட்டுங்கள். அவர்களுடைய குரல் அங்கேதான் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லாமல்.