மேஃபிளவர் உடன்படிக்கைக்கு ஓர் உரை

அமெரிக்கச் சமுதாயத்தின் குடியேற்ற மூலம் கற்கப் புகுவார் முதற்கண் ஓதற்குரியது இவ்வுடன்படிக்கை. ஆங்கிலத்தில் ஏறத்தாழ இருநூறு சொல்லளவிற்று. காட் முனையின்கண், இன்று பிராவின்ஸ்டவுன் எனப்படும் துறையில் நங்கூரமிட்ட கப்பலில், 1620 நவம்பர் 11ஆம் நாள் கையொப்பமாயிற்று. மேஃபிளவர் என்னும் கப்பற்பெயரால் இதனை வழங்கியவர் பிற்காலத்தார்.

‘இறைவன் பெயரால்’: அக்கால ஆங்கிலேயர் உயில் எழுதுங்கால் தொடங்கும் தொடர் இது. ஆகலின் வழிபாட்டோடு ஆவண மரபும் பற்றி வந்தது என்க.

‘கீழே பெயர் பொறித்த யாம்’: ஆங்கிலத்தில் தன்மைப்பன்மைப் பெயர் ஒன்றே. தமிழிலோ ‘யாம்’ கேட்போரை நீக்கும், ‘நாம்’ உளப்படுத்தும். எனவே தமிழில் ஓதுவான் இக்கூற்று யாரை நோக்கியது என ஈண்டே வினவல் வேண்டும். அடுத்து, ‘அச்சத்திற்குரிய எம் வேந்தன் ஜேம்சின் பற்றுடைக் குடிகள்’ என்றமையான், வேந்தன் செவி நோக்கியது எனத் துணிந்து ‘யாம்’ என்றாம். ‘அச்சத்திற்குரிய’ என்பது வெருட்டும் என்னும் பொருட்டன்று. பெருமதிப்பு என்பது அக்கால வழக்கு. ஆயினும், இவருட் சிலர் இவ்வேந்தன் ஆட்சியில் சமய ஒறுப்புக்கு அஞ்சி இங்கிலாந்தின் ஸ்க்ரூபி என்னும் ஊர் விட்டு நீங்கி, ஒல்லாந்தின் லைடன் நகரிற் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தோர். அவர் வாயில் இவ்வடை நிற்றல் நயமுடைத்து.

‘வர்ஜீனியாவின் வடபகுதிகளில் முதற் குடியேற்றத்தை நட’: ‘வடபகுதி’ என்னும் சொல்லிலேயே இந்நூல் பிறந்த காரணம் உளது. இவர் பெற்ற பட்டயம் லண்டன் வர்ஜீனியா கம்பெனியினது; அவர் கருதிய இடம் ஹட்சன் ஆற்று முகத்தை அடுத்த நிலம். கப்பல் அணைந்ததோ அப்பட்டயம் செல்லாத வடகரை. பயணிகள் ஏறத்தாழ 102 பேருள் லைடன் சபையைச் சாராதாரும் இருந்தனர். கரையேறின் எம்மை ஆள்வதற்கு யார்க்கும் அதிகாரம் இல்லை என அவருட் சிலர் பேசினர் என அக்கப்பலில் வந்த வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதுவர்.

அற்றேல், 1607இல் தெற்கில் எழுந்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முந்தியதன்றோ எனின், ‘வட’ என்னும் அடை அதனை விலக்கிற்று. அவ்வாண்டே வடக்கில் எழுந்த போப்பம் குடியேற்றம் ஓராண்டில் கைவிடப்பட்டமையின், ‘முதல்’ என்பதை நிலைத்தவற்றுள் முதல் என்றே கொள்க.

‘நட’ என்பது பயிர்க்குரிய வினை, குடியேற்றத்தின்மேல் வந்தது. நடுதற்கு நிலம் வேண்டும். அஃது யாருடையது என்பது நூலிற் சொல்லப்படவில்லை. பின்னர் இவர் அமர்ந்த பிளிமத், வாம்பனோவாகு மக்களின் பட்டுக்செட் என்னும் ஊர் இருந்த இடம். சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் அவ்வூரை வெறுமையாக்கியிருந்தது. அம்மக்கள் ‘யாம்’ என்றதனுள்ளும் அடங்கார். இனி வரும் ‘நாம்’ என்றதனுள்ளும் அடங்கார்.

‘இறைவன் முன்னும் ஒருவர் மற்றொருவர் முன்னும் உடன்பட்டு’: நூலின் உயிர்நிலை இத்தொடர். வேந்தன் பெயர் ஈண்டு இல்லை. கூறுவோரே கேட்போரும் ஆயினமையின், மேல் ‘யாம்’ என நின்றது ஈண்டு ‘நாம்’ எனத் திரிந்தது. ‘உடன்படல்’ என்பது இவர் தம் சபை வழக்கினின்று எடுத்த சொல். ஆயர் ஆணை வேண்டாது, அடியார் தாமே கூடி ஒருவர்க்கொருவர் வாக்களித்துச் சபையாதல் அவர் நெறி. சபைக்கு உரியதாயிருந்த நெறி ஊர்க்கு ஆயிற்று.

‘குடிமை அரசியல் உடம்பாய்’: உடம்பு உருவகம். இவ்வுருவகத்தில் வேந்தனைத் தலையென்றல் மரபு. ஈண்டுத் தலை யாதென விளங்கக் கூறவில்லை. அது மறதி என்பார் உளரேனும், அவர் கூற்றை யாம் கொள்ளேம்.

‘நீதியும் சமனும் உடைய சட்டங்கள்’: சமன் என்றது, சபையார்க்கு ஒன்றும் ஏனையோர்க்கு ஒன்றுமாய்ப் பிறழாமை. ‘அவ்வப்போது’ என்றதனால் சட்டம் ஒருகாற் செய்து ஒழிவதன்று என்பது பெற்றாம். ‘சட்டங்கள்’ என்பதனை அடுத்துள்ள கட்டளை, பதவி முதலியன ஆவண எழுத்தரின் அடுக்கு, விரிக்க வேண்டா.

‘அவற்றுக்கு அடங்கி நடப்போம்’: ‘அவற்றுக்கு’ என்னும் அஃறிணைச் சுட்டை நோக்குக. ‘அவர்க்கு’ என்றிலர். கையொப்பமிட்டபின் ஜான் கார்வரை ஆளுநராகக் கொண்டனர். எனினும் அடக்கம் நேர்ந்தது சட்டங்கட்கே.

‘பெயர் பொறித்தோம்’: ஆண்டு கூறுமிடத்து ஜேம்சை இங்கிலாந்து, பிரான்சு, அயர்லாந்துக்கு வேந்தன் என்றனர். பிரான்சில் அவன் ஒரு சாண் நிலமும் ஆண்டிலன். பட்டம் மட்டும் வழிவழி வந்தது. பொறித்தோர் ஆடவர் 41 பேர். வேலையாட்கள் சிலரும் அவருள் உளர். பெண்டிர் ஒருவரும் இலர். மூலத்தாள் தொலைந்தது. 1622இல் அச்சான பாடத்திற் பெயர்கள் இல்லை. அவற்றை நத்தேனியல் மார்ட்டன் 1669இல் அச்சிட்டார். ஆதலின் ‘கீழே’ என்ற சொல்லுக்குக் கீழே இன்று நாம் காண்பது அச்செழுத்து, கையெழுத்தன்று.