கேபிள் ஸ்டேபிள்

கேபிள் ஸ்டேபிள் என்பது மின்கேபிள், தொலைபேசி ஒயர், இணையக் கேபிள் ஆகியவற்றை மரச்சட்டத்தில் பொருத்தப் பயன்படும் ‘ப’ வடிவ இருகால் ஆணி. மரச்சட்டங்களால் வீடு கட்டும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது. கேபிள் தொய்யாமலும், இழுபட்டு அதன் இணைப்பு கழலாமலும் தாங்குவதே இதன் வேலை; கேபிளை இறுக்கி நசுக்குவதன்று.

வகைகள்

வீட்டு மின்சுற்றுக் கேபிளுக்குரிய ஸ்டேபிள் சுத்தியலால் அடிக்கப்படுவது. முழுவதும் உலோகத்தால் ஆனதும் உண்டு. இருபுறமும் ஆணி கொண்ட பிளாஸ்டிக் பட்டையும் உண்டு. பிளாஸ்டிக் பட்டை கேபிள் உறையைக் கீறுவது குறைவு. தொலைபேசி ஒயர் போன்ற மெல்லியவற்றுக்கு, வளைந்த முதுகுடைய ஸ்டேபிளை அடிக்கும் தனித் துப்பாக்கிகள் உள்ளன. மெத்தை தைக்கவும் அட்டை பொருத்தவும் உதவும் தட்டை முதுகு ஸ்டேபிள் ஒயரின் உறையை வெட்டிவிடும் என்பதால் இதற்கு உதவாது.

வரலாறு

அமெரிக்க வீடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பீங்கான் குமிழ்களிலும் குழல்களிலும் ஒற்றை ஒயர்களைத் தனித்தனியே இழுத்துச் செல்லும் முறை இருந்தது. 1920களில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் ஒரே உறைக்குள் பல ஒயர்கள் கொண்ட ‘ரோமெக்ஸ்’ கேபிள் உருவானது. மரச்சட்டத்தின் மேலேயே நேரடியாகப் பொருத்த முடிந்ததால், ஸ்டேபிள் அதன் இயல்பான துணைக்கருவியாயிற்று.

விதிகள்

அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 334ஆம் பிரிவு ரோமெக்ஸ் வகைக் கேபிளுக்குரியது. அதன்படி ஸ்டேபிள் போன்ற தாங்கிகளுக்கிடையே 1.4 மீட்டருக்கு (4½ அடி) மேல் இடைவெளி கூடாது. மின் இணைப்புப் பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் ஒரு தாங்கி வேண்டும். கேபிளைப் பிடிக்கும் அமைப்பு இல்லாத ஒற்றைச் சுவிட்ச் அளவுப் பிளாஸ்டிக் பெட்டியானால் 20 செ.மீ.க்குள். தட்டைக் கேபிளைப் படுக்கையாக வைத்தே அடிக்க வேண்டும்; விளிம்பின்மேல் நிறுத்தி அடிக்கக் கூடாது. பின்னாளில் சுவரில் அடிக்கும் ஆணியோ திருகோ துளைத்துவிடாதபடி, சட்டத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 32 மி.மீ. உள்ளே தள்ளிக் கேபிள் செல்ல வேண்டும். இயலாத இடத்தில் இரும்புத் தகடு பொருத்த வேண்டும். ஒரே ஸ்டேபிளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கேபிளை வைப்பது, அதற்கெனச் சான்றளிக்கப்பட்ட ஸ்டேபிளில் மட்டுமே ஏற்கத்தக்கது.

பழுது நேரும் விதம்

ஸ்டேபிளின் முதுகு கேபிளைத் தொட்டதும் அடிப்பதை நிறுத்த வேண்டும். கையால் இழுத்தால் கேபிள் சற்று நகர வேண்டும். அதற்கு மேல் அடித்தால் உறை நசுங்கும். உடனே ஷார்ட் சர்க்யூட் ஆனால் பிரேக்கர் விழுந்து பழுது தெரிந்துவிடும். மறைவாக நேர்வதே அதிக ஆபத்து: அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் காப்பு மெல்ல விலகி மெலிகிறது, சிறு கசிவு காப்பைக் கரியாக்குகிறது, கரி மின்சாரத்தைக் கடத்துவதால் அவ்விடத்தில் மின்பொறி பறக்கத் தொடங்குகிறது. பிரேக்கரை விழவைக்கும் அளவுக்கு அந்த மின்னோட்டம் உயராமலே அருகிலுள்ள மரம் தீப்பற்றலாம். இத்தகைய பொறிகளை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிவகைப் பிரேக்கரை, அமெரிக்க விதித்தொகுப்பின் 1999 பதிப்பு படுக்கையறைச் சுற்றுகளுக்குக் கட்டாயமாக்கியது. அது 2002இல் நடைமுறைக்கு வந்தது.

தகவல் கேபிள்கள்

தொலைக்காட்சிக் கோஆக்சியல் கேபிளில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையிலுள்ள தூரம் அதன் 75 ஓம் மின்மறுப்பைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்று. ஸ்டேபிள் நசுக்கிய இடத்தில் அது மாறி, சிக்னலின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கும். இணையக் கேபிளில் முறுக்கிய இணைகளின் அமைப்பு குலைந்தால், ஓர் இணையின் சிக்னல் மற்றதில் கலக்கும். எனவே இவற்றுக்குத் தளர்வான பிளாஸ்டிக் கிளிப்பும் ஒட்டுப்பட்டையும் விரும்பப்படுகின்றன.

தீயின்போது

பிளாஸ்டிக் தாங்கி வெப்பத்தில் உருகிக் கேபிளை விட்டுவிடும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 2010இல் ஷெர்லி டவர்ஸ் அடுக்குமாடித் தீயில் இறந்த இரு தீயணைப்பு வீரர்கள் இவ்வாறு தொங்கிய கேபிள்களில் சிக்கியிருந்தனர். பிரிட்டிஷ் மின் விதிகள் 2015இல் வெளியேறும் வழிகளிலும், 2018இல் கட்டடம் முழுவதிலும், தீயில் கேபிள் விரைவில் விழாதபடி தாங்க வேண்டும் என்றன. உலோகக் கிளிப்புகள் அங்கு பரவியது இதனால்தான்.

இந்தியாவில்

செங்கல், கான்கிரீட் சுவர்களில் மின் ஒயர்கள் பைப்புக்குள்ளோ கேசிங்-கேப்பிங் பட்டைக்குள்ளோ செல்கின்றன. ஸ்டேபிளுக்கு அங்கே இடமில்லை. டி.வி., இணையக் கேபிள்களுக்கு ஒற்றை ஆணி கொண்ட பிளாஸ்டிக் கிளிப் பயன்படுகிறது. கேபிளின் பருமனுக்குப் பொருந்தும் அளவில் கிளிப் வாங்குவதும், கேபிளில் சுத்தியல் படாமல் ஆணியை அடிப்பதும் இங்கே முக்கியம்.