போலிப் பெருங்குடல் அடைப்பு

வயிறு உப்பி இறுகிவிடும். மலமும் காற்றும் பிரியாமல் போகலாம். எக்ஸ்-ரேயில் பெருங்குடல் ஊதிக் கிடக்கும். ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தால் கட்டியும் இல்லை, முறுக்கும் இல்லை. இதற்கு ஓகில்வி நோய்க்குறி என்று பெயர்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சர் ஹெனேஜ் ஓகில்வி, 1948-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் குடலில் தடை எதுவும் இல்லை. குடலுக்குச் செல்லும் நரம்புப் பின்னல் அருகே புற்றுநோய் பரவியிருந்தது. பரிவு நரம்புகள் செயலிழந்ததே காரணம் என்றார் அவர். இன்றைய விளக்கம் ஏறக்குறைய தலைகீழ்: குடலை அசைக்கும் துணைப்பரிவு நரம்புகள்தான் அடங்கிப்போகின்றன. விளக்கம் மாறிய பிறகும் பெயர் அவருடையதாகவே நின்றுவிட்டது.

இடுப்பெலும்பு அறுவை, சிசேரியன், பக்கவாதம், பொட்டாசியம் குறைவு, மார்பின் வகை வலிமருந்து ஆகியவற்றுக்குப் பின் இது வரலாம். பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 செ.மீ.க்கு மேல் விரிந்தால் கிழியும் அபாயம் உண்டு. உண்மையான அடைப்பா என்பதை சி.டி. ஸ்கேன் பிரித்துக் காட்டும்.

சிகிச்சையில் திருப்பம் 1999-இல் வந்தது. அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் 21 பேரில் 11 பேருக்கு நியோஸ்டிக்மின் என்ற மருந்து ஊசியாகப் போடப்பட்டது. அவர்களில் 10 பேருக்குச் சில நிமிடங்களிலேயே வயிறு தணிந்தது. வெற்று ஊசி பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் பலனில்லை. அளவு வெறும் 2 மில்லிகிராம்! ஆனால் இதயத்துடிப்பு சட்டென்று குறையக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்யும் அட்ரோபின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இந்த மருந்து பாம்புக்கடி வழியாகவும் உறவு. பாம்புக்கடிக்கான இந்திய சிகிச்சை நெறிமுறையில் நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் ஜோடியாகவே இடம்பெறுகின்றன. நல்லபாம்பு நஞ்சால் இமை சரிந்து மூச்சு தளரும்போது, விஷமுறிவு மருந்தோடு அவையும் தரப்படுகின்றன. மாவட்டத்தின் மலைப்பகுதியான வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே இறக்கிக் கொண்டுவரப்படும் பாம்புக்கடி நோயாளிக்கும், சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைக்குப் பின் வயிறு உப்பிக் கிடப்பவருக்கும் ஒரே ஊசி தேவைப்படலாம்.

கட்டுவிரியன் மட்டும் தனி ரகம். தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும். பல்தடம்கூடத் தெரியாமல் போகும். விடியலில் கடும் வயிற்றுவலியோடு வருபவரை வயிற்றுக் கோளாறு என்றே எண்ணத் தோன்றும். இமை சரிகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் குறையும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே சிதைப்பதால் நியோஸ்டிக்மினுக்கு அவ்வளவாக மசியாது; விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும்தான் கைகொடுக்கும்.