டயகமவில் விழுந்த ஏப்ரகாம் சிங்கோ

ஒரு பெயரை அடித்துவிட்ட குற்றம் என்னிடம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பணிபுரிந்த பத்திரிகையில் மே தினச் சிறப்புப் பக்கத்தைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மலையகத் தோட்டங்களில் தொழிலுரிமைக்காக நின்று பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானோரின் பட்டியல் ஒன்றை வாசகர் ஒருவர் தபாலில் அனுப்பியிருந்தார். முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன், 1940. டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன், 1977. இவ்விருவருக்கும் நடுவில் வேறு சில பெயர்கள். அவற்றுள் ஒன்று, 'டயகம, ஏப்ரகாம் சிங்கோ, 1956' என்றிருந்தது. தமிழ்ப் பெயர்களுக்கிடையே இதென்ன சிங்களப் பெயர் என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதியவர் எங்கோ தவறிவிட்டார் என முடிவு செய்தேன். பக்கத்தில் இடமும் குறைவாக இருந்தது. சிவப்பு மை ஒரு கோடு இழுத்தது. பட்டியல் அச்சேறியது.

தவறியவர் வாசகர் அல்லர் என்பதை அறியச் சில ஆண்டுகள் பிடித்தன. மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது அதே பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. 1956இல் டயகமத் தோட்டத்தில் நடைபெற்ற தொழிலாளர் போராட்டத்தின்போது பொலிசார் சுட்டதில் உயிர் துறந்தவர் ஏப்ரகாம் சிங்கோ. அவர் சிங்களவர். தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தோட்டத்தில், அவர்களோடு தோள்சேர்ந்து நின்றவர். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

டயகமவைக் காணாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். தலவாக்கலையிலிருந்து லிந்துல வழியாக அக்கரப்பத்தனை சென்று, அதற்கும் அப்பால் போகவேண்டும். பாதை தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, ஹோர்ட்டன் சமவெளியின் காட்டுச் சரிவில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் பஸ் இல்லை, பனிமூட்டமும் காடும்தான். பாதை முடியும் இடத்தில் வாழ்கின்ற மக்களுக்கு வெளியுலகத் தொடர்பு அரிது. தோட்டத்துக்குள் துரை சொன்னதே சட்டமாக இருந்த காலத்தில், அந்தத் தூரமும் துரைமாருக்கு ஒரு வேலியாக உதவியது.

இனி இம்மக்கள் எவ்வாறு விலக்கப்பட்டவர்கள் ஆனார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்துக் கிராமங்களில் சாதியின் பெயரால் சேரிக்குள் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் வார்த்தையை நம்பி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தவர்களின் வழிவந்தவர்கள். முதலில் கோப்பி, 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போனாலும் 'பத்துச்சீட்டு' இருந்தது. தோட்டத்து வேலையும் லயத்துக் காம்பராவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. சங்கம் என்று வாய் திறந்தவனுக்குத் துரை பத்துச்சீட்டைக் கொடுத்தால் வேலை போகும். வேலையோடு கூரையும் போகும். பானை சட்டிகள் வாசலுக்கு வரும். பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்டால், அங்குள்ள துரையின் காதுக்குச் செய்தி முன்னரே எட்டியிருக்கும். ஊர்விலக்கு என்பதைச் சாதிக் கொடுமையாக மட்டும் அறிந்திருக்கிறோம். தோட்டத்தில் அது நிர்வாக நடைமுறையாகவே இருந்தது.

இதற்கு மேல் ஒரு விலக்கு 1948இல் வந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கமே போகமுடியாதவர்கள் ஆனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேல்; கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே. சொந்த ஊரில் சேரி, வந்த ஊரில் லயம், நாட்டின் ஏட்டில் வெற்றிடம். மூன்று முறை விலக்கப்பட்ட மக்கள் இவர்கள்.

இந்த விலக்கின் வலியைத் தமிழ்ப் புனைகதை காணாமல் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒடுக்கப்பட்ட பெண்ணின் துயரைப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் எழுதினார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, சங்கம் அமைக்கப் புகுந்து கூரை இழந்தவனின் கதையை நாவலாக்கி 'வீடற்றவன்' எனப் பெயரிட்டார். அந்த ஒற்றைச் சொல்லில் பத்துச்சீட்டும் இருக்கிறது, குடியுரிமைச் சட்டமும் இருக்கிறது. எழுபதுகளில் தோட்டக் காணிகள் பறிபோனபோது மக்கள் எதிர்த்து நின்ற கதையைத் தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் 'குருதிமலை'யில் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவலிலும் கூலிமக்களின் பக்கம் சாயும் ஒரு மருத்துவர் வருகிறார். அவர் பெயரும் ஏப்ரகாம்.

விலக்கப்பட்டவனுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கை நீளுவதும், அந்தக் கையைப் பற்றி அவன் மீண்டும் மனிதனாவதும் உலக நாவல்களில் பழகிய கரு. நீளும் கை பெரும்பாலும் மேலிருந்தே வரும். மருத்துவர், பாதிரியார், மனச்சாட்சியுள்ள வெள்ளையர் என ஒருவர் இறங்கி வருவார். மலையக வரலாற்றிலும் அத்தகைய ஒருவர் உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் 'சின்னத் துரை'ப் பயிற்சி பெற்ற பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை நீக்கப்பட்டார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவரை நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார். தலைமறைவான அவர் காலிமுகத் திடல் கூட்டத்தில் தோன்றினார். உயர்நீதிமன்றம் மே மாதத்தில் அவரை விடுவித்தது. துரை வர்க்கத்திலிருந்து ஒருவன் தங்கள் பக்கம் வந்தான் என்பது லயங்களில் எத்தகைய அதிர்வை ஏற்படுத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

ஆனால் ஏப்ரகாம் சிங்கோவின் கை மேலிருந்து நீளவில்லை, பக்கத்திலிருந்து நீண்டது. அதுவே அவரைத் தனியே எண்ணச் செய்கிறது.

1956ஆம் ஆண்டின் வானிலையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா தனிச் சிங்களக் கோஷத்தோடு ஆட்சிக்கு வந்தார். ஜூன் 5ஆந் திகதி தனிச் சிங்கள மசோதா சபையில் வைக்கப்பட்டது. அன்று காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழர்கள் தாக்கப்பட்டனர். அடுத்த நாட்களில் கல்லோயாவில் இரத்தம் ஓடியது. சிங்களவர், தமிழர் என்ற கோடு நாடெங்கும் அழுத்தமாக இழுக்கப்பட்ட ஆண்டு அது.

தோட்டங்களிலும் அது கொந்தளிப்பான காலமே. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிளவுண்டு, அப்துல் அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் உருவாகிக் காலூன்ற முயன்றுகொண்டிருந்தது. குஜராத் பூர்வீகம் கொண்ட முஸ்லிமான அஸீஸ், தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ் மக்களுக்குத் தலைவராக இருந்தார் என்பதும் இந்த மண்ணின் வியப்புகளுள் ஒன்று. வாக்குரிமை இல்லாத மக்களுக்குச் சங்கமே பாராளுமன்றம். சங்கச் சந்தாத் துண்டே அவர்கள் கையிலிருந்த வாக்குச்சீட்டு. தோட்டத்தில் சங்கத்துக்காகச் செய்யப்படும் வேலைநிறுத்தம் சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. 'நாங்களும் ஆட்கள்தாம்' என்ற அறிவிப்பு.

அந்த வேலைநிறுத்தக் களத்தில் ஒரு சிங்களத் தொழிலாளிக்கு என்ன வேலை? குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கவில்லை. வாக்குரிமை அவனுக்கு இருந்தது. புதிய அரசு தன்னுடையது என்றும், தன் மொழி ஆட்சிமொழி ஆகிறது என்றும் அவனிடம் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. ஒதுங்கி நின்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எனினும் டயகமவில் ஏப்ரகாம் சிங்கோ ஒதுங்கவில்லை.

இதை வெறும் வர்க்க ஒற்றுமை என்ற கோட்பாட்டுச் சொல்லால் மூடிவிட நான் விரும்பவில்லை. தோட்ட வாழ்வை அறிந்தவர்களுக்கு அதனுள்ளிருக்கும் அன்றாடம் தெரியும். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் தப்பு ஒலிக்கும்போது சிங்களவனுக்கென்று தனி நேரம் இல்லை. செக்ரோலில் பேர் விழாவிட்டால் அரைப்பேர் என்பது எல்லோருக்கும் பொது. அட்டை கடிக்கும்போது அது சாதி மதம் கேட்பதில்லை. மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கும்போது ஒருவர் தேநீரை மற்றவர் குடிக்கிறார். இந்தப் பழக்கத்தில் விளையும் நட்புக்கு மேடையும் மாலையும் கிடையாது. ஆனால் சோதனை வரும் நாளில், யார் யாருடன் நிற்பார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அந்த நட்பு எதைக் குணப்படுத்தியது என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். 1958இல் இனக்கலவரம் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்குப் போட்டுப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974வரை தொங்கியது. அந்தக் கணக்கில் டயகமவின் லயங்களும் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்கள் அங்கும் 'சிலோன்காரர்' என விலக்கப்பட்டனர். 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த தொழிலாளர்மீது சுட்டதில் சிவனு லட்சுமணன் மடிந்தார். அதே ஆண்டு ஓகஸ்டிலும், 1981இலும், 1983 ஜூலையிலும் மலையக மக்கள் அடிபட்டு அகதியானார்கள். ஒரு ஏப்ரகாம் சிங்கோவின் இரத்தம் இவை எதையும் தடுத்துவிடவில்லை.

ஆயினும் நோய் முற்றாகத் தீருவது மட்டுமே குணம் அன்று. 'உனக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை' என்று சட்டம் எழுதி வைத்த எட்டாவது ஆண்டில், 'நான் இருக்கிறேன்' என்று ஒருவன் வந்து நின்றான். அந்த நினைவே ஒரு மருந்து. அம்மருந்தை எமது தலைமுறை பயன்படுத்தவில்லை. சிங்களப் பத்திரிகைகளுக்கு அவர் தமிழர் போராட்டத்தில் இறந்தவர். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அவர் பெயர் சிங்களப் பெயர். இரு பக்கமும் கைவிட்ட ஒருவரை வேறு என்ன சொல்லி அழைப்பது? விலக்கப்பட்டவர்களுக்குத் தோழனாகப் போனவன் இறந்தபின் தானும் விலக்கப்பட்டான். அந்த விலக்கில் என் சிவப்பு மைக்கும் பங்குண்டு.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டப் புத்தகத்தில் முடிவுக்கு வந்தது. வாழ்க்கையில் முடிந்ததா? 2021 ஜூலையில், கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் இல்லத்தில் வீட்டுவேலைக்கு இருந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களால் இறந்தாள். அவள் ஊர் டயகம. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தப் பாதை முடியும் ஊர் மீண்டும் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. மீண்டும் ஒரு மரணத்தின் வழியாகவே வந்தது. அப்போது நீதி கேட்டு வீதிக்கு வந்தவர்களுள் தமிழர் மட்டுமன்றிச் சிங்களவரும் இருந்தனர். அவர்களில் எத்தனை பேருக்கு ஏப்ரகாம் சிங்கோவின் பெயர் தெரிந்திருக்கும் என்பது கேள்விதான். தெரியாமலே அவர் நின்ற இடத்தில் நின்றார்கள்.

மலையகம் நல்ல நாவல்களைத் தந்திருக்கிறது. டயகமவின் நாவலை இளைய எழுத்தாளர் யாரேனும் எழுதவேண்டும். அதில் சிங்கோவைத் தியாகச் சிலையாக்க வேண்டாம். பிரட்டுக்களத்தில் கைகளை அக்குளில் புதைத்துக்கொண்டு குளிரில் நிற்கும் மனிதனாக, பக்கத்து லயத்துக்காரனோடு அரைகுறைத் தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் பேசிச் சிரிப்பவனாக எழுதினால் போதும். எஞ்சியதை வாசகன் புரிந்துகொள்வான்.

என்னால் நாவல் எழுத முடியாது. பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் திருத்தம் வெளியிடுவதுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமான அந்தத் திருத்தம் இதோ:

முல்லோயா கோவிந்தன், 1940.
டயகம ஏப்ரகாம் சிங்கோ, 1956.
டெவன் சிவனு லட்சுமணன், 1977.

தவறுக்கு வருந்துகிறேன்.