சாவி நுழைந்தால் மட்டும் போதாது: ஒரு விஷம் காட்டிக்கொடுத்த கதவு

கட்டுவிரியன் கடித்தால் பல பேருக்குக் கடித்ததே தெரியாது. ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்திருக்கும், அதுவும் இல்லாமல்கூட இருக்கும். கடிவாயில் பெரிய வீக்கம் கிடையாது, ரத்தம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து வயிற்றை வலிக்கிறது என்பார்கள். பிறகு கண் இமை இரண்டும் தானாகக் கீழே இறங்கும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைப்பார்கள். அப்புறம் பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு.

ஏன் இமையில் ஆரம்பிக்கிறது? அந்த விஷம் உடம்புக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது? இதைத் தேடிப் படிக்கப் போய், வேறு ஒரு பெரிய கதைக்குள் மாட்டிக்கொண்டேன். செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம் ஒரு சின்ன மூலக்கூறை எப்படி அடையாளம் கண்டு கதவைத் திறக்கிறது என்பதை மனிதர்கள் கண்டுபிடித்த கதை அது. அதில் பாதிக்கு மேல் விஷங்களின் கதைதான்.

கழுதையும் தவளையும்

தென் அமெரிக்கக் காடுகளில் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவும் விஷம் க்யூராரே. அம்பு பட்ட விலங்கு துடிக்காது, கத்தாது. தளர்ந்து விழும், மூச்சு நிற்கும். சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அந்தச் சரக்கைக் கயானா பக்கத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனார். 1814-ல் ஒரு கழுதைக்கு அதை ஏற்றினார்கள். கழுதை செத்தது போல விழுந்தது. மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டு, துருத்தி வைத்து, சில மணி நேரம் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். கழுதை எழுந்து நின்றது! பிறகு பல வருஷம் நிம்மதியாகப் புல் மேய்ந்தது.

அப்படியானால் இந்த விஷம் இதயத்தைக் கொல்லவில்லை. மூச்சை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால், நேரம் போகப் போக விஷம் தானே விலகிவிடுகிறது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1850-களில் பாரிஸில் க்ளாத் பெர்னார் இதே விஷத்தைத் தவளைக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு காலுக்கு மட்டும் ரத்தம் போகாதபடி கட்டிவிட்டார். மற்ற இடமெல்லாம் விஷம். விஷம் பரவிய தோலைக் கிள்ளினால், விஷம் போகாத அந்த ஒரு கால் உதைத்தது. அதாவது உணர்ச்சி இருக்கிறது, தண்டுவடம் வேலை செய்கிறது. விஷம் பரவிய காலிலோ, நரம்புக்கு மின்சாரம் கொடுத்தால் தசை அசையவில்லை. தசைக்கே நேராகக் கொடுத்தால் அசைந்தது. ஆக, அறுந்துபோன தொடர்பு நரம்புக்கும் தசைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

அந்த 'எங்கேயோ'வைப் பிடிக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. கேம்ப்ரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி கோழியின் தசையில் நிகோடினைச் சொட்டினார். தசை சுருங்கியது. தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அதன் முனை முழுக்க அழிந்துபோகும்வரை விட்டுவிட்டு மறுபடி சொட்டினார். அப்போதும் சுருங்கியது. எனவே நிகோடின் வேலை செய்ய நரம்பு முனை தேவையில்லை. மேலே க்யூராரேயைப் போட்டால் நிகோடினால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மின்சாரத்துக்குத் தசை சுருங்கத்தான் செய்தது. அப்படியானால் சுருங்கும் பொருளும் கெட்டுப்போகவில்லை. நரம்பும் இல்லை, சுருங்கும் பொருளும் இல்லை என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். 1905-ல் லாங்லி அதற்கு 'ஏற்கும் பொருள்' என்று பெயர் வைத்தார். நாம் இன்றைக்கு ஏற்பி, ரிசெப்டார் என்று சொல்வது இதைத்தான். யாரும் பார்த்ததில்லை, தொட்டதில்லை. வெறும் தர்க்கத்தில் பிறந்த பொருள்.

நுழைவது வேறு, திரும்புவது வேறு

சரி, சோதனையில் நிகோடின். நிஜ உடம்பில் நரம்பு எதைக் கொட்டுகிறது? 1921-ல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து, நரம்பு ஒரு ரசாயனத்தை விடுகிறது என்று காட்டினார். அது அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. தசைக்குப் போகும் நரம்பும் அதையே விடுகிறது என்பதை 1936-ல் ஹென்றி டேல், வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், மார்த்தா ஃபோக்ட் மூவரும் நிரூபித்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஃபெல்ட்பெர்க் யூதர் என்பதால் 1933-ல் பெர்லினில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், டேல்தான் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். லோவியை 1938-ல் நாஜிகள் சிறையில் போட்டார்கள். நோபல் பரிசுப் பணத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஆஸ்திரியாவை விட்டுப் போகவிட்டார்கள். அடுத்து வரும் பெர்னார்ட் காட்ஸும் 1935-ல் ஜெர்மனியை விட்டு லண்டன் வந்து சேர்ந்தவர். இந்த அறிவு ஓரளவுக்கு அகதிகள் சுமந்துகொண்டு வந்தது.

காட்ஸும் டெல் காஸ்டில்லோவும் 1957-ல் சொன்ன ஒரு யோசனைதான், என் பார்வையில், இந்தக் கதையின் முதுகெலும்பு. அதுவரை மருந்து ஏற்பியில் ஒட்டினால் வேலை நடக்கும், அவ்வளவுதான் என்று இருந்தது. இவர்கள் அதை இரண்டு படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் மூலக்கூறு வந்து உட்காருகிறது. இரண்டாவது படியில் ஏற்பி தன் வடிவத்தை மாற்றித் திறக்கிறது. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்பதில்லை.

வீட்டுப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் பக்கத்து வீட்டுச் சாவியும் அதில் நுழையும், ஆனால் திரும்பாது. நுழைந்த சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டால் சொந்தச் சாவிக்கும் வழியில்லை. க்யூராரே செய்வது அதுதான். அசிட்டைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காருகிறது, ஆனால் கதவைத் திறப்பதில்லை. அடையாளம் காண்பதும் திறப்பதும் வேறு வேறு வேலைகள் என்று புரிந்த பிறகுதான், பெர்னாரின் தவளைக்கு முழு விளக்கம் கிடைத்தது.

தூண்டில் தந்த பாம்பு

இனி பொருளையே கையில் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு தேவை: விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு தூண்டில், ஏற்பி ஏராளமாக இருக்கும் ஓர் உயிர்.

தூண்டில் தைவானிலிருந்து வந்தது. நம் கட்டுவிரியனின் நெருங்கிய உறவு ஒன்று அங்கே உண்டு. அதன் விஷத்தை 1963-ல் தைப்பேயில் சாங், லீ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒரு பகுதி தசையின் ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடவே விடாது. ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்று அதற்குப் பெயர். க்யூராரே வந்து போகும் விருந்தாளி என்றால், இது பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிடுகிற ஆள்.

ஏராளம் கிடைத்தது மின்சாரம் பாய்ச்சும் மீன்களிடம். மின் விலாங்கும் மின் திருக்கையும் தசைச் செல்களையே மாற்றியமைத்து, பேட்டரி போல அடுக்கி வைத்திருக்கின்றன. அந்த அடுக்கின் ஒரு பக்கம் முழுக்க இந்த ஏற்பிதான். 1970-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியர் ஷான்ழு, லீ கொடுத்த பாம்பு விஷத்தைத் தூண்டிலாக வைத்து, மின் விலாங்கிலிருந்து அந்தப் புரதத்தைப் பிடித்தார். லாங்லி தர்க்கத்தில் கண்டது 65 வருஷம் கழித்து சோதனைக் குழாய்க்குள் வந்தது.

இதற்கு அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. 1973-ல் அமெரிக்காவில் பேட்ரிக், லின்ட்ஸ்ட்ரம் இருவரும் இந்த ஏற்பிக்கு எதிர்ப்புரதம் தயாரிக்க நினைத்து, விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயல்கள் தளர்ந்து சரிந்தன. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் அச்சு அசல்! அந்த நோய்க்காரர்களுக்கும் பல சமயம் முதலில் தொங்குவது கண் இமைதான். 1934-லேயே மேரி வாக்கர் என்ற லண்டன் மருத்துவர், இந்த நோய் க்யூராரே விஷம் ஏறியது போல இருக்கிறதே என்று யோசித்து, க்யூராரேவுக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்து நோயாளியை எழுப்பியிருந்தார். காரணம்தான் தெரியாமல் இருந்தது. முயல்கள் அதைச் சொல்லின: உடம்பின் காவல் படையே தன் சொந்த ஏற்பியைத் தாக்குகிறது. மின் விலாங்கில் ஆரம்பித்த ஆராய்ச்சி மனித நோய் ஒன்றின் வேரைக் காட்டிவிட்டது.

ஒரே ஒரு கதவு

1976-ல் ஜெர்மனியில் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவரும் மிக மெல்லிய கண்ணாடிக் குழாயின் வாயைத் தவளைத் தசையின் சவ்வில் அழுத்தி வைத்து, அந்த வாய்க்குள் அகப்பட்ட ஒற்றைக் கதவின் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பங்கு. காகிதத்தில் விழுந்த கோடு படிப்படியாகச் சரியவில்லை. சட்டென்று எழுந்தது, சில மில்லி செகண்டு நின்றது, சட்டென்று விழுந்தது. ஒரு பிகோ ஆம்பியர் என்றாலே செகண்டுக்கு சுமார் 62 லட்சம் அயனிகள். 1991-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

1982 முதல் ஜப்பானில் ஷோசாகு நூமா குழு மின் திருக்கையின் மரபணுவைப் படித்து, புரதத்தின் அமினோ அமில வரிசையைச் சொன்னது. கேம்ப்ரிட்ஜில் நைஜல் அன்வின் பல வருஷம் எலெக்ட்ரான் நுண்ணோக்கியோடு உட்கார்ந்து அதன் உருவத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கினார். 2020-ல் அதே திருக்கை ஏற்பி, அதே பாம்பு விஷம் ஒட்டிய நிலையில், அணு அளவுத் தெளிவோடு படமாக வந்தது.

படம் சொல்வது இது. ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு குழாயை உண்டாக்குகின்றன. செல்லுக்கு வெளியே நீட்டிய பகுதியில் அசிட்டைல்கோலினுக்கு இரண்டு இருக்கைகள். அது வந்து உட்கார்ந்ததும் ஒரு வளைவு மூடி போல அதன்மேல் இறங்குகிறது. அந்த அசைவு முறுக்காகக் கீழே, சவ்வுக்குள் போகிறது. குழாயின் இடுக்கில் எண்ணெய்த் தன்மையுள்ள வளையங்கள் தண்ணீரை அண்டவிடாமல் நிற்கின்றன. முறுக்கு வந்ததும் அவை சற்றே விலகும். தண்ணீர் நுழையும், கூடவே சோடியம் அயனிகள் பாயும், தசை சுருங்கும். விஷப் புரதமோ விரல் போன்ற தன் நீட்சியை இருக்கைக்குள் விட்டு, அந்த மூடி இறங்க முடியாதபடி தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. மூடி இறங்காவிட்டால் முறுக்கு இல்லை, கதவு திறக்காது.

மறுபடி பாயில் படுத்தவரிடம்

நல்ல பாம்பின் நரம்பு விஷம் பெரும்பாலும் இந்த வழிதான். அதனால்தான் அந்தக் கடியில் அசிட்டைல்கோலின் கரையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் பல சமயம் உதவுகிறது. நம் கட்டுவிரியனிடம் இதோடு இன்னொரு ஆயுதமும் உண்டு, அதுதான் மோசம். பீட்டா வகை விஷம் நரம்பு முனைக்குள்ளேயே போய் அதைச் சிதைக்கிறது. கொட்டுவதற்குச் சரக்கே இருக்காது. முனை சிதைந்த பிறகு விஷமுறிவு மருந்தால் அதைத் திருப்ப முடியாது, புதிதாக வளர நாள் கணக்கில் ஆகும். அதனால் இமை தொங்கும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு அங்கே நேரமில்லை. மருந்து போய்ச் சேராத நாட்களில் காப்பாற்றுவது வென்டிலேட்டர். வாட்டர்டன் கழுதைக்குப் பிடித்த துருத்தியின் பேரப்பிள்ளை அது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. விஷமுறிவு மருந்து செய்ய விஷம் வேண்டும். அதை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினர்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1947-ல் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர், மயக்க மருந்து எதுவும் இல்லாமல் தன் உடம்பில் க்யூராரேயை ஏற்றிக்கொண்டார். மூச்சு உட்பட எல்லாம் நின்றது, செயற்கை மூச்சு கொடுத்தார்கள். எழுந்ததும், நடந்தது முழுவதையும் சொன்னார். கேட்டது, வலித்தது எல்லாம். இந்த விஷம் மூளையைத் தொடவில்லை என்று உறுதியானது.

கட்டுவிரியன் கடித்து, அசையாமல், கண் திறக்காமல் படுக்கையில் கிடப்பவரும் பெரும்பாலும் அப்படித்தான். பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது போல இருக்கும். ஆனால் சுற்றி நின்று பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். "பிழைக்க மாட்டான்" என்று பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு, மெஷின் மூச்சு கொடுக்குது, சரியாயிடும் என்று சொல்லுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

(அடுத்த குறிப்பு மிளகாய் பற்றி. வெப்பத்தை உணரும் ஒரு கதவை மிளகாய் எப்படி ஏமாற்றுகிறது என்பது தனிக்கதை.)