கழற்றி மாட்டக்கூடிய கார்

லைசென்ஸ் ராஜ் காலத்து இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்குப் பெரும்பாலும் மூன்றே பெயர்கள்தான். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதல் இரண்டுக்கும் டாக்ஸி வாழ்க்கை வாய்த்தது, அதனால் சினிமாவிலும் நினைவிலும் இடம் கிடைத்தது. மூன்றாவதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அது தயாரானது தாம்பரத்தைத் தாண்டி, வண்டலூர் பக்கம்.

ஹெரால்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி 1959இல் அதை வெளியிட்டது. உருவம் தந்தவர் ஜியோவானி மிகெலோட்டி என்ற இத்தாலியர். 1962இல் அதே கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, என்ஜினை முடுக்கி, அதே மிகெலோட்டி போட்ட புதுச் சட்டை அது. ஆக, நம்ம ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் ஆபீஸுக்கு ஓட்டிப்போன அடக்கமான கார், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை அதன் அழகு பற்றியதல்ல, அதன் போல்ட் பற்றியது. 1950களில் கார் உலகம் தனிச் சேஸியைக் கைவிட்டு, உடலையும் சட்டத்தையும் ஒரே கூடாக வெல்டிங் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டுக்கு அப்படிக் கூடு செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்துதர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் உடலைச் செய்து, தனிச் சேஸி மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், வெண்டர் கைவிட்டதால் பிறந்த மாடுலர் டிசைன். காலத்துக்குப் பின்தங்கிய கார் என்று அதைச் சொல்லலாம். ஆனால் போல்ட் போட்டு மாட்டியதை ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரு பெட்டி மூடி மாதிரி முன்னால் கவிழும். என்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

1961இல் மெட்ராஸ் ஹெரால்டு வந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் என்ஜினை 1147 சிசி ஆக்கினார்கள். இங்கே 948 சிசியே தொடர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு உதிரிபாகங்களை உள்ளூரிலேயே செய்ய வைத்தது. பிறகு நான்கு கதவு, 1972இல் கெஜல், 1985இல் ரோவரின் உடலுக்குள் பழைய என்ஜினை வைத்த ஸ்டாண்டர்டு 2000. 1988 வாக்கில் கார் உற்பத்தி நின்றது. கம்பெனி போன பிறகும் ஓடுகிற வண்டி என்றால், அதை ஓடவைக்கிறவர்கள் யார்? இதற்கான பதில் எனக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் கிடைத்தது.

பழைய கார் ஊர்வலத்துக்கு ஆரம்பப் புள்ளியாக 1896 நவம்பர் 14ஐச் சொல்வார்கள். இங்கிலாந்தில் மோட்டார் வண்டிக்கான வேக வரம்பு மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட, லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கிளம்பினார்கள். வழியில் நின்றுபோன வண்டிகள் நிறைய. ஒரு மின்சார வண்டி ரயிலில் போய் இறங்கி, மேலே சேறு பூசிக்கொண்டு ஓடிவந்த மாதிரி நின்றது என்று இன்றும் ஒரு வதந்தி உண்டு. 1927இல் அந்தப் பயணத்தை மறுபடி நடத்தினார்கள், அது வருடாந்திர வழக்கமானது. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ராலி 1964இல் தொடங்கியது. ஆக, பிரேக்டவுன் என்பது இந்தச் சடங்கின் விபத்து இல்லை, அங்கம்.

திருச்சியில் நான் போனது அவ்வளவு பெரிய விஷயமில்லை. பத்துப் பதினைந்து வண்டிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கன்டோன்மென்ட்டில் கிளம்பி, ஊருக்குள் சுற்றி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் முடியும். நண்பனின் மாமாவிடம் 1969 மாடல் ஹெரால்டு மார்க் 3 இருந்தது, பக்கத்து சீட்டில் நான். காந்தி மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓயவில்லை. வெங்காய லாரி, தட்டுவண்டி, தலைச்சுமை. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், அதனால் நெரிசலில் நுழைவது பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஊர்ந்து ஊர்ந்து என்ஜின் சூடேறியது. இருமியது, நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

‘வேப்பர் லாக்’ என்றார் மாமா. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப்பால் அதைத் தள்ள முடியாது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் கேட்காமலேயே நனைத்த சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பம்ப் மேல் போர்த்திக் கால்மணி நேரம் நின்றோம். வேலைக்கு ஆகவில்லை. பிறகு யாரோ போன் செய்ய, பாலக்கரைப் பக்கமிருந்து டிவிஎஸ் 50இல் ஒரு பாய் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. பானட்டைக் கவிழ்த்தார். எதையும் கழற்றவில்லை, முதலில் கையால் தடவிப் பார்த்தார். டேங்க் குழாயையும் பம்ப்பையும் இணைக்கும் ரப்பர் ஹோஸை விரலால் மடக்கி என்னிடம் காட்டினார். மடிப்பில் முடி அளவு வெடிப்புகள்.

“பெட்ரோல இழுக்கல தம்பி, காத்த இழுக்குது. இப்ப வர்ற பெட்ரோலுக்கு இந்த ரப்பர் தாங்காது.”

மோட்டார் பம்ப்செட் கடையிலிருந்து அரையடி ஹோஸ், இரண்டு கிளிப். பத்து நிமிடம். என்ஜின் பிடித்துக்கொண்டது. கூடியிருந்த பத்துப் பேரும் தாங்களே சரிசெய்த மாதிரி சிரித்தார்கள்.

“ஹெரால்டு எங்க பாய் கத்துக்கிட்டீங்க?”

“எங்கயும் கத்துக்கல. கழட்டுனேன், மாட்டுனேன்.”

இதை அடக்கம் என்று விட்டுவிடலாம், ஆனால் அவர் சொன்னது ஒரு வரலாறு. 1928இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை வந்தது. 1960களில் திருவெறும்பூரில் பெல் வந்தது, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. இரும்பைக் கடையவும் இழைக்கவும் தெரிந்த கைகள் மூன்று தலைமுறையாக இருக்கிற ஊர் இது. கழற்ற முடிகிற காரும் கழற்றத் தெரிந்த ஊரும் சந்தித்ததால்தான், கம்பெனி மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வண்டி ஓடுகிறது. கவென்ட்ரியில் யாரும் திட்டமிட்டதல்ல இது.

பாய் சொன்ன ‘இப்ப வர்ற பெட்ரோல்’ எத்தனால் கலந்தது. 2025இல் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. பழைய ரப்பர், பழைய கேஸ்கெட் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அது அவற்றை ஊறவைக்கும், உதிரவைக்கும். ஒரு ஹோஸை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி இல்லாமல் வந்த ஒரு அப்டேட்டை, அரையடி ரப்பர் குழாயில் ஒருவர் பேட்ச் செய்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அரசும் பழைய வண்டிகளை மறந்துவிடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் வண்டிக்குத்தான் பதிவு உண்டு. அதைத் தடவிப் பார்த்தே நோய் சொல்கிற விரலுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. பாயின் மகன் துபாயில் ஏசி மெக்கானிக். பட்டறையில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு ஸ்கேனர் மாட்டத் தெரியும். ஸ்கேனர் மாட்ட ஹெரால்டில் இடம் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். அசல் தன்மைக்கு மதிப்பெண் போடுகிறவர் பானட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பெயின்ட் அசல், டயல் அசல், ஹப்கேப் அசல். புது ஹோஸில் வெளிச்சம் நின்றது. காகிதத்தில் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பாய் நானூறு ரூபாய் கேட்டிருந்தார், ஹோஸ் விலையோடு சேர்த்து. அவருடைய நம்பரை என் போனில் சேமித்துக்கொண்டேன். அடுத்த முறை திருச்சி போகும்போது ஒரு முழு நாள் அவருடன் உட்கார்ந்து, வீடியோ எடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். “வீடியோ எடு, வேணாங்கல,” என்றார். “ஆனா கூட ஒரு பையனக் கூட்டிட்டுப் போ. ஸ்பேனர அவன் கையில குடு.”