ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 1901ஆம் ஆண்டு 51 வயதுப் பெண்மணி ஒருவரைச் சேர்த்தார்கள். ஆகுஸ்டே என்பது அவர் பெயர். அலோயிஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் அவருகே அமர்ந்து, தாம் கேட்ட வினாக்களையும் அவர் அளித்த விடைகளையும் எழுதி வைத்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின், அவர் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து கண்டவற்றை அவ்வாண்டே அறிவித்தார். முதுமையில் அறிவைத் தேய்க்கும் மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

மாணவர்களே, நோய் மூளையில் உள்ளது என்று தெரிந்ததும் வேறொரு முடிவும் உடன் வளர்ந்தது. மூளை அழிகிறது, ஆகவே ஆளும் அழிந்துவிட்டார் என்பதே அது. முதியோர் இல்லங்கள் பலவற்றில் உணவும் நீராட்டும் நேரப்படி நடந்தால் போதும் என்றிருந்தார்கள். சுவரோரம் நாற்காலிகள், அவற்றில் பேச்சுத் துணையற்ற முதியவர்கள்.

இம்முடிவை 1980களின் பிற்பகுதியில் மறுத்தவர், இங்கிலாந்தின் பிராட்பர்ட் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் டாம் கிட்வுட். ஆள்தன்மை என்பது பிறர் ஒருவருக்கு வழங்கும் மதிப்பு. நினைவு போனாலும் அது போகவேண்டியதில்லை என்றார். கேத்லீன் பிரெடின் என்னும் அம்மையாருடன் சேர்ந்து ஒரு முறையும் வகுத்தார். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்துப் பொதுக்கூடத்தில் பல மணி நேரம் அமர்வார். சில முதியவர்களை மட்டும் கவனித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் என்ன செய்கிறார்கள், மகிழ்கிறார்களா, வாடுகிறார்களா என்று குறிப்பார்.

நான் தலைமையாசிரியனாக வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்து பாடங்களைப் பார்வையிட்டதுண்டு. ஆசிரியரையே பார்த்தேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தது குறைவு. கிட்வுட்டின் குறிப்பேடோ பராமரிக்கப்படுபவர் பக்கம் நின்று எழுதப்பட்டது.

அங்கே தெரிந்தவை சிறு செயல்களே. விழுங்குமுன் அடுத்த கரண்டியை ஊட்டுதல், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுதல், எதிரிலிருப்பவரை இல்லாதவராக எண்ணித் தமக்குள் உரையாடுதல். 1997இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய 17 தீங்குகளை அவர் எண்ணிக் காட்டினார். பணியாளர் கொடியவர் என்று அவர் சொல்லவில்லை. தமக்கு முன்னிருந்தோரின் வழக்கத்தையே அவர்கள் பின்பற்றினர் என்றார். மறு ஆண்டே அவர் காலமானார்.

பின்னர், சிட்னி நகர இல்லங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இம்முறையால் முதியவர்களின் மனக்கொந்தளிப்புக் குறைந்ததெனக் கண்டது. 2020இல் வெளியான இங்கிலாந்து ஆய்வோ, 50 இல்லங்களில் அப்பயனைக் காணவில்லை. அங்கு இம்முறையைக் கைக்கொள்ள வேண்டிய இல்லங்களில் பெரும்பாலானவற்றால் அதனை உரியவாறு தொடர்ந்து நடத்த முடியவில்லை.